நாலாவது கோப்பு

ஜனவரி 9

லிஃப்ட் மெக்கானிக்குக்கு,

மேலே எப்படி அழைத்து எழுதுவது என்று அரை மணி நேரம் யோசித்தேன். "அன்புள்ள" என்று எழுதி அடித்தேன். "மதிப்பிற்குரிய" என்று எழுதினேன். தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "நாலு பேரக் கொன்னவனுக்கா?" என்று கேட்டாள். அதையும் அடித்தேன். கடைசியில் தொழிலையே எழுதிவிட்டேன். அதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது.

என்னை நினைவிருக்கும். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் உன்னைக் கைது செய்து பதினோரு நாள் விசாரித்த துப்பறியும் ஆய்வாளர். ஓய்வு பெற்று ஆறு ஆண்டாகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் வழக்கைப் படமாக எடுக்கிறார்கள். "நம் வழக்கு" என்று எழுத எனக்கே ஒரு மாதிரியாக இருக்கிறது. ஆனால் அதை எடுத்துக்கொள்ள வேறு யாரும் முன்வரவில்லை.

இயக்குநர் சின்ன வயதுக்காரர். கறுப்புக் கண்ணாடியை வீட்டுக்குள்ளும் கழற்றுவதில்லை. "சார், இது க்ரைம் படம் இல்ல. இருட்டைப் பத்தின படம்" என்று சொல்லிவிட்டு, எங்கள் வரவேற்பறை விளக்கை அணைத்த பிறகுதான் கதையைத் தொடங்கினார்.

கதையில் நீ பேராசிரியர் மாதிரி பேசுகிறாய். பழைய இசைத்தட்டுகள் கேட்கிறாய். ஒவ்வொரு கொலைக்குப் பிறகும் எனக்கு ஒரு புதிர் அனுப்புகிறாய். நான் அதை மழையில் நின்று படிக்கிறேன். படம் முழுக்க மழை. நான் குடிகாரன், மனைவியை இழந்தவன். அந்த நேரம் பார்த்துத் தேநீர் கொண்டுவந்த என் மனைவி, "நான் எப்போ செத்தேன்?" என்று கேட்டாள். "இன்டர்வெல்லுக்குக் கொஞ்சம் முன்னாடி மேடம்" என்றார் இயக்குநர், மரியாதை குறையாமல்.

கடைசி இருபது நிமிடமும் நாலாவது கொலை, டீச்சர் கொலை. அதுதான் படத்தின் உயிர் என்கிறார். நான் இந்தப் படத்துக்கு ஆலோசகர். மழை மட்டும் வேண்டாம் என்று ஆலோசனை சொன்னேன். குறித்துக்கொண்டார்.

உன் சம்மதம் இல்லாமல் எடுக்கக் கூடாது என்கிறார் அவர்களுடைய வக்கீல். படிவமும் திரைக்கதையும் இத்துடன் இருக்கின்றன. கையெழுத்துப் போட்டு அனுப்பவும். இயக்குநர் ஒரு கேள்வியும் கேட்கச் சொன்னார்: ஏன்?

ஓய்வு பெற்ற ஆய்வாளர்


ஜனவரி 21

ஐயா,

கடிதம் வந்தது. இங்கே எல்லாக் கடிதங்களையும் ஒரு அதிகாரி படித்து முத்திரை குத்தித்தான் கொடுப்பார். உங்கள் கடிதத்தை நீட்டும்போது, "உன் ரோல்ல யாருய்யா நடிக்கிறா?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

திரைக்கதையைப் படித்தேன். புதிர்கள் நன்றாக இருக்கின்றன. இரண்டுக்கு எனக்கு விடை தெரியவில்லை. நானே எழுதியவை என்று இருப்பதால் சிறிது வெட்கமாகிவிட்டது.

ஏன் என்ற கேள்விக்கு உங்கள் கோப்பிலேயே பதில் இருக்கிறது. மூன்று பேரும் என்மேல் கம்பெனிக்குப் புகார் எழுதியவர்கள். முதலாமவர், லிஃப்ட் நாலாவது மாடியில் ஒரு விரல்கடை தாழ்ந்து நிற்கிறது என்று எழுதினார். தாழ்ந்துதான் நின்றது. இரண்டாமவர் நான் கதவைச் சாத்தும் சத்தத்தைப் பற்றி எழுதினார். மூன்றாமவர் என் வியர்வை நாற்றத்தைப் பற்றி. காகிதத்தில் பார்த்தால் இவை கொலைக்குக் காரணங்களாகத் தெரியாது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தன. இதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை. இது இயக்குநருக்குப் போதாது என்று தெரிகிறது. எனக்கும் போதவில்லை.

கையெழுத்துப் போடத் தயார். ஆனால் ஒரு திருத்தம் வேண்டும். டீச்சரை நான் கொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

பதினோராவது நாள் மத்தியானம். மூன்றையும் எழுதி முடித்துப் பேனாவை மூடினீர்கள். எனக்கும் சேர்த்துத் தேநீர் சொன்னீர்கள். பிறகு மேசைக்கு அடியிலிருந்து இன்னொரு வழக்குக் கோப்பை எடுத்தீர்கள்.

"இன்னும் ஒண்ணு இருக்குப்பா. பக்கத்துத் தெரு, டீச்சர். அந்த பில்டிங் லிஃப்டும் நீதான பாத்த?"

"ஆமா சார்."

"அப்ப இதையும் சேத்துடலாமா?"

"சேத்தா என்ன சார் ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. மூணுக்கும் அதே தண்டனைதான், நாலுக்கும் அதே தண்டனைதான். நீ போய்த் தூங்கலாம்."

"எழுதிக்கோங்க சார்."

இதைத் திரைக்கதையில் காணவில்லை. மற்றபடி தேநீரைக்கூடச் சரியாகப் போட்டிருக்கிறார்கள்.

மெக்கானிக்


பிப்ரவரி 2

மெக்கானிக்குக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அதில் உள்ள குற்றச்சாட்டைப் படித்து வருத்தமடைந்தேன் என்று பதிவு செய்துகொள்கிறேன்.

நீ கையெழுத்துப் போட்டாய். நீதிபதி கேட்டபோதும் ஒப்புக்கொண்டாய். அந்தக் கட்டடத்தின் சாவி உன்னிடம் இருந்தது. டீச்சரின் கணவர், மருந்துக்கடைக்காரர், அன்று வெளியூரில் நண்பர் வீட்டில் இருந்தார். மறுநாள் பேருந்து நிலையத்துக்கே போய் அவரை அழைத்துவந்தவன் நான். அதற்குள் உடலை எடுத்து, அறையைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டோம். சுத்தம் செய்து திறந்துவிட்ட பிறகுதான் அவர் உள்ளே காலடி வைத்தார். இப்போது மனைவி பெயரில் ஒரு அறக்கட்டளை நடத்துகிறார். உன்னைப் பகிரங்கமாக மன்னித்தும்விட்டார். ஆண்டுதோறும் மேடை போட்டு மன்னிக்கிறார். நானும் இரண்டு முறை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

விசாரணை முறை பற்றி நீ எழுதியதற்கும் விளக்கம் தருகிறேன். முடியாத கோப்புகளை வாக்குமூலம் கொடுக்கிறவன் தலையில் ஏற்றுவது நான் கண்டுபிடித்ததல்ல. நான் வேலையில் சேர்வதற்கு முன்பே இருந்தது. ஆண்டு முடிவில் மேலிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கும்: எத்தனை பாக்கி? ஒரு திருடனைப் பிடித்தால் அந்தத் தெருவில் காணாமல் போன சைக்கிளெல்லாம் அவன் எடுத்ததாகிவிடும். அவனும் மறுப்பதில்லை. எல்லாருக்கும் வேலை சுலபம். சைக்கிளில் தொடங்கிய பழக்கம் எதில் போய் நிற்க வேண்டும் என்று யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை.

இவ்வளவு எழுதியிருக்க வேண்டியதில்லை. டீச்சரின் தங்கை ஒருத்தி இருக்கிறாள், தபால் நிலையத்தில் எழுத்தர். வருஷத்துக்கு ஒருமுறை மனுவோடு வந்து, "மாமாவ விசாரிங்க சார்" என்பாள். "துக்கத்துல பேசுறீங்கம்மா" என்று சொல்லி அனுப்புவேன். ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்கே வருகிறாள். இப்போது நீயும் சேர்ந்துகொண்டாய்.

"நினைக்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். கொல்லவில்லை என்றால் கொல்லவில்லை என்றல்லவா ஒருவன் எழுதுவான்? கையெழுத்துப் போட்டு அனுப்பு.

ஆய்வாளர்


பிப்ரவரி 14

ஐயா,

கோபப்பட வேண்டாம். "நினைக்கிறேன்" என்று எழுதியதைச் சரியாகப் பிடித்தீர்கள். இந்தக் கடிதம் முழுக்க அதைப் பற்றித்தான்.

இங்கே வந்த முதல் இரண்டு வருஷம் என்னிடம் படிக்க இருந்தது ஒரே ஒரு பொருள்: வாக்குமூலத்தின் நகல். தினமும் படித்தேன். மூன்று கொலைகளின் பக்கங்கள் திக்கித் திணறி இருக்கும், நான் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதியதால். நாலாவதை மட்டும் நீங்களே எழுதினீர்கள். ஐயா, முகஸ்துதிக்காகச் சொல்லவில்லை, நாலில் அதுதான் படிக்க நன்றாக இருக்கிறது. மாடிப்படியில் நான் மூச்சை அடக்கிக்கொண்டு ஏறுவது, கதவிடுக்கில் வெளிச்சம் கோடாகத் தெரிவது, டீச்சர் தலை நிமிராமல் "யாரு?" என்று கேட்பது. எனக்கு ஒரு காரணம்கூடக் கொடுத்திருக்கிறீர்கள். மற்ற மூன்றிலும் எனக்கு அவ்வளவு நல்ல காரணம் இல்லை.

ஐந்தாறு வருஷம் கழித்து அது கண்முன் வர ஆரம்பித்தது. முதலில் படிகள். பிறகு வெளிச்சம். இப்போது டீச்சரின் குரல் கேட்கிறது. உங்கள் வாக்கியம் எங்கே முடிகிறது, என் ஞாபகம் எங்கே தொடங்குகிறது என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

டீச்சரைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான். கீழ்த்தளத்தில் பராமரிப்புப் புத்தகம் ஒன்று தொங்கும். குடியிருப்பவர்கள் குறை எழுதுவதற்கு. அதில் அவர் எழுதியிருந்தார்: "லிஃப்ட் இப்போது சத்தமில்லாமல் ஓடுகிறது. நன்றி." என் இருபது வருஷ வேலையில் என்னைப் பற்றி நல்லதாக எழுதப்பட்ட ஒரே வரி. நான் கொன்றது குறை எழுதியவர்களை. ஆகவே இவரைக் கொன்றிருக்க மாட்டேன் என்று கணக்குப் போடுகிறேன். ஆனால் இரண்டும் இரண்டும் நாலு என்று தெரிவது வேறு, அந்த வீட்டுக்கு நான் போகவில்லை என்று தெரிவது வேறு.

விடுதலைக்காகக் கேட்கவில்லை. படத்துக்காகவும் இல்லை. எனக்குத் தெரிய வேண்டும். அந்த நாலாவதை உங்களுக்கு யார் சொன்னது? நானா, நீங்களேவா? நீங்கள் ஒருவர்தான் சொல்ல முடியும்.

மெக்கானிக்


மார்ச் 3

மெக்கானிக்குக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதக் கூடாது என்று இருந்தேன். நேற்று நடந்ததால் எழுதுகிறேன்.

டீச்சரின் அறையை ஒரு பழைய கிடங்குக்குள் போட்டிருக்கிறார்கள். கலை இயக்குநர் ஒரு அம்மா, காரியக்காரி. எங்கள் இலாகா எடுத்த புகைப்படங்களைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டி, நாள்காட்டி, திரைச்சீலை, மேசை விளக்கு எல்லாவற்றையும் அச்சு அசலாக வைத்திருந்தார். வாசலில் நின்றதும் எனக்கு ஷூவைக் கழற்ற வேண்டும் போல இருந்தது.

கணவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை, கையில் மடித்த கைக்குட்டை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாரும் நகர்ந்து வழிவிட்டார்கள். அவர் அறையைச் சுற்றி நடந்தார். மேசைக்கு முன் நின்றார். மேசைமேல் டீச்சர் திருத்திக்கொண்டிருந்த பரீட்சை விடைத்தாள்கள் கட்டாக இருந்தன, மேலே சிவப்புப் பேனா.

"இது கொஞ்சம் தப்பா இருக்கேம்மா" என்றார்.

"எது சார்?"

"பேப்பர் இப்படி அடுக்கி இருக்காது. கீழ கெடக்கணும். ஜன்னல் வரைக்கும் பரவி. பேனா அந்த நாற்காலிக்கு அடியில."

சட்டைக் காலர் மடங்கியிருப்பதைச் சரிசெய்வது போல, கட்டை அவரே அவிழ்த்துத் தரையில் பரப்பினார்.

"போட்டோல மேசை மேலதான் சார் இருக்கு" என்றார் கலை இயக்குநர்.

"போட்டோ பொய் சொல்லும்மா, மனசு சொல்லாது" என்று குறுக்கே வந்தார் இயக்குநர். "ஐயா, இதுதான் வேணும். அப்படியே விடுங்க, யாரும் தொடாதீங்க!"

நான் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "சார், அது ஷாட்ல வர்ற நாற்காலி, எந்திரிங்க" என்று யாரோ சொன்னார்கள்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். வாக்குமூல நகலைத் திறக்காதே. திரைக்கதையையும் திறக்காதே. உன் கண்முன் வருகிறது என்றாயே, அதில் விடைத்தாள்கள் எங்கே இருக்கின்றன? அதை மட்டும் எழுது. நான் மேலே எழுதியதை மனதில் வைத்துப் பதிலை மாற்றாதே. ஏன் என்று கேட்காதே.

ஆய்வாளர்


மார்ச் 15

ஐயா,

மேசைமேல். கட்டாக. குறுக்கே வெள்ளை நூல், மேலே சிவப்புப் பேனா, மூடியோடு. ஓரங்கள் ஒன்றுபோல் இருக்கும்படி தட்டி அடுக்கியது. நான் அறைக்குள் நுழையும்போதும் அப்படித்தான் இருக்கிறது, வெளியேறும்போதும் அப்படித்தான் இருக்கிறது. போராடி ஒரு உயிர் போன அறையில் ஒரு தாள்கூட நகரவில்லை. இதை இத்தனை வருஷம் நான் யோசித்ததே இல்லை.

கணவர் தரையில் பரப்பினார் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகு தரையில் போட்டுப் பார்க்க இரண்டு நாள் முயன்றேன். வரவில்லை. திரும்பத் திரும்ப மேசைக்கே போய்விடுகிறது.

கடிதம் படிக்கிற அதிகாரி, "ஆய்வாளர் பதில் வந்துச்சான்னு முதல்ல நான்தான்யா பாக்கறேன்" என்கிறார். சாப்பாட்டு இடைவேளையில் என்னைத் தேடி வந்து, "தரையிலதான்யா இருந்திருக்கும். அவன்தான்யா" என்றார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எனக்கு எழுதுங்கள்.

மெக்கானிக்


மார்ச் 30

மெக்கானிக்குக்கு,

தரையில்தான் இருந்தன.

அந்த வீட்டுக்குள் முதலில் நுழைந்தவன் நான். கீழே தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டிருந்தார்கள், ஷூ முழுக்கச் சேறு. டீச்சரைப் பார்த்துக்கொண்டே நடந்ததில் கீழே பார்க்கவில்லை. மூன்று தாள்மேல் மிதித்துவிட்டேன். ஆய்வாளராகி நாலு மாதம். புகைப்படக்காரர் கீழே வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார். சம்பவ இடத்தை மிதித்துக் கெடுத்தவன் என்று பேர் வந்தால் போச்சு. தாள்களைப் பொறுக்கினேன். மிதித்த மூன்றையும் அடியில் வைத்தேன். தட்டி அடுக்கி, அலமாரியில் கிடந்த நூலால் கட்டி, பேனாவைத் தேடி எடுத்து மேலே வைத்தேன். நாற்காலிக்கு அடியில் இருந்தது. அதன் பிறகுதான் எடுத்த படம் கோப்பில் இருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் உன் வாக்குமூலத்தை எழுதினேன்.

தாள்கள் தரையில் கிடந்தது எனக்குத் தெரியும். அவை விழுந்தபோது அங்கே இருந்தவனுக்குத் தெரியும். மூன்றாவது ஆள் கிடையாது.

நீ டீச்சரைக் கொல்லவில்லை. அந்த வீட்டுக்கு நீ அன்று போகவில்லை. மாடிப்படி, கதவிடுக்கு வெளிச்சம், "யாரு?" என்ற குரல் எல்லாம் நான் எழுதியவை. இதை நான் சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதிக் கொடுக்கிறேன். இந்த வாசகத்தை எத்தனையோ பேரை எழுத வைத்திருக்கிறேன். இவ்வளவு நீளமானது என்று தெரியாது.

முதலில் மனைவியிடம் சொன்னேன். கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "அந்தப் பொண்ணு வாசல்ல வந்து நிக்கும்போதெல்லாம் நீங்க பாத்ரூம்ல போய்த் தாழ்ப்பாள் போட்டுக்குவீங்க. நான்தான் உக்கார வச்சுத் தண்ணி குடுப்பேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னா நெனச்சீங்க?" என்றாள். என்ன தெரியும் என்று கேட்டேன். "என்னன்னு தெரியாது. பயந்த ஆள் எப்படி இருப்பான்னு தெரியும்" என்றாள்.

அப்புறம் பழைய அலுவலகத்துக்குப் போனேன். இப்போதைய ஆய்வாளருக்கு என் மகன் வயதிருக்கும். படம் எப்போது வெளிவருகிறது என்று கேட்டுவிட்டு, நான் எழுதிக் கொண்டுபோனதைப் படித்தார்.

"சார், அப்ப பொய் சொன்னீங்களா, இப்ப பொய் சொல்றீங்களா?"

"அப்ப."

"அதுக்கு யாரு சாட்சி?"

"நான்தான்."

"அதான் சார் சிக்கல்."

விடைத்தாள் கட்டு இன்னும் வழக்குப் பொருள்கள் வைக்கும் அறையில் இருக்கும், அவிழ்த்துப் பாருங்கள் என்றேன். என்னையும் கூட்டிக்கொண்டு போய்த் தேடினார். இருந்தது. இத்தனை வருஷத்தில் யாரும் அந்த முடிச்சை அவிழ்க்கவில்லை. அவிழ்த்தார். அடியில் மூன்று தாள். சேறு காய்ந்து, என் ஷூவின் அடிப்பாகம் ஆணி முதற்கொண்டு தெரிந்தது. வரலாற்றுப் பாட விடைத்தாள். மிதிபட்ட பிள்ளைக்கு மதிப்பெண் போடவே இல்லை.

ஆய்வாளர்


ஏப்ரல் 8

ஐயா,

படித்தேன். இரண்டு தடவை. மூன்றாவது தடவை வேண்டாம் என்று மடித்துவிட்டேன். உங்கள் எழுத்தைத் திரும்பத் திரும்பப் படித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

நன்றி என்று எழுதலாமா என்று யோசித்தேன். நீங்கள் "அன்புள்ள" என்பதை அடித்த மாதிரி நானும் அடித்துவிட்டேன்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் அனுப்புகிறேன். இனி அவர்கள் என்ன வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். அந்தத் தங்கையிடம் யாராவது சொன்னார்களா?

மெக்கானிக்


மே 20

மெக்கானிக்குக்கு,

தங்கையிடம் நானே போய்ச் சொன்னேன். தபால் நிலையத்தில் வரிசையில் நின்று, என் முறை வந்ததும் சொன்னேன். வேறு இடம் தோன்றவில்லை. அவள் முத்திரைக் கட்டையைக் கீழே வைத்தாள். எனக்குப் பின்னால் நின்றவர், "சீக்கிரம் ஆகட்டும் சார்" என்றார். அவள் ஜன்னலைச் சாத்திவிட்டு வெளியே வந்து, என் எதிரில் நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். "பத்தொம்பது மனு சார்" என்றாள். அவ்வளவுதான். திரும்பப் போய் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

கணவரை விசாரித்தார்கள். தாள்கள் தரையில் கிடந்தது எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "அவ எப்பவும் தரையில பரப்பி வச்சுத்தான் திருத்துவா" என்றாராம். நல்ல பதில்தான். நானாக இருந்தால் ஏற்றுக்கொண்டு கோப்பை மூடியிருப்பேன். தங்கை மருத்துவச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். அக்காவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டதால் கடைசி மூன்று வருஷம் தரையில் உட்காரவே முடியாதாம். அந்த மேசையே அதற்காக வாங்கியதாம். அன்று யார் வீட்டில் தங்கியிருந்ததாகச் சொன்னாரோ, அந்த நண்பரையும் கூப்பிட்டார்கள். "சாயங்காலமே கெளம்பிட்டான் சார். அப்ப யாரும் என்னைக் கேக்கல" என்றார். கேட்டிருக்க வேண்டியவன் நான். இரண்டு நாள் கழித்துக் கணவர் ஒப்புக்கொண்டார். டீச்சர் அவரை விட்டுத் தங்கையோடு போய் இருக்கப் போவதாகச் சொன்னாராம். அதுதான் காரணம். உன் காரணங்களைவிட ஒன்றும் பெரிதில்லை.

என்மேல் துறை விசாரணை. நாற்பது வருஷ வேலையில் இன்னும் எத்தனை கோப்புகளை இப்படி முடித்தேன் என்று கேட்கிறார்கள். பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன். சைக்கிள்களை விட்டுவிடலாமா என்று கேட்டேன். கூடாதாம்.

இயக்குநருக்குத்தான் சந்தோஷம். "சார், இப்பதான் செகண்ட் ஹாஃபே கெடச்சிருக்கு! வில்லனே நீங்கதான்!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். என் மனைவிக்கும் உயிர் கொடுத்துவிட்டார், உண்மையை வரவழைக்கிறவள் அவள்தானாம். மழை மட்டும் இருக்கிறது.

உன் கண்முன் வருவது நின்றுவிட்டதா? பதில் போட விருப்பமில்லை என்றால் விட்டுவிடு.

ஆய்வாளர்


ஜூன் 11

ஐயா,

நின்றுவிட்டது. உடனே இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் குரல் போயிற்று. பிறகு வெளிச்சம். படிகள் மட்டும் ஒரு வாரம் இருந்தன, மேலே வீடே இல்லாமல். இப்போது அதுவும் இல்லை.

தங்கை பார்க்க வந்திருந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதற்கு வந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"பத்தொம்பது வருஷமா ரெண்டு பேர வெறுத்தேன்" என்றார். "சந்தேகத்துக்கு அந்த ஆள, தீர்ப்புக்கு உன்ன. ஆளுக்குப் பாதி."

"இப்ப மொத்தமும் அவர்மேல போயிடணும்லம்மா?"

"போகணும். போக மாட்டேங்குது. கை பழகிடுச்சு."

"பரவால்லம்மா, பாதிய இங்கயே வச்சிட்டுப் போங்க. அந்த மூணு பேர் வீட்லேந்து யாரும் வர்றதில்ல."

அவர் சிரிக்கவில்லை. சிரிப்பதற்காக நான் சொல்லவும் இல்லை. எழுந்து போகும்போது, "அவங்கள என்னத்துக்குக் கொன்ன?" என்று கேட்டார். லிஃப்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் எனக்கே காது கொடுத்துக் கேட்க முடியாமல் நிறுத்திவிட்டேன்.

அதிலிருந்துதான் தொடங்கியது. ஐயா, நீங்கள் எனக்குச் செய்தது என்னவென்று இப்போதுதான் புரிகிறது. இத்தனை வருஷம் கண்ணை மூடினால் நாலாவதுதான் வரும். நன்றாக எழுதப்பட்டது, காரணம் உள்ளது, நான் செய்யாதது. அதைப் பார்த்துக்கொண்டே மற்ற மூன்றையும் பார்க்காமல் இருந்துவிட்டேன். அதற்குப் பின்னால் அவர்கள் வரிசையில் நின்றிருக்கிறார்கள். நாலாவது கிளம்பிப் போனதும் மூன்று பேரும் உள்ளே வந்துவிட்டார்கள். உங்கள் வாக்கியம் ஒன்றுகூட அவர்களிடம் இல்லை. எல்லாம் என்னுடையது.

ஜெயில் மேலதிகாரி கூப்பிட்டனுப்பினார். "நாலு மூணாயிடுச்சு. முன்விடுதலைக்கு எழுதிப் போடு, கெடச்சாலும் கெடைக்கும்" என்றார்.

"இப்ப வேணாம் சார்."

"ஏன்யா?"

"வேலை இருக்கு சார்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். காகிதம் மட்டும் கேட்டேன். கொடுத்தார்.

மூன்றையும் நானே எழுதிப் பார்க்கிறேன். பக்கத்தில் யாரும் இல்லை, யாரும் தேநீர் சொல்லவில்லை, எழுதி முடித்தால் தூங்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. முதலாமவர் வீட்டு வாசல்வரை வந்துவிட்டேன். அழைப்பு மணியை அழுத்தினேன். அவர் செருப்பைத் தேடி இழுத்துக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தார். முகத்தில் ஒரு பக்கம் சவர நுரை. என்னைப் பார்த்து, "வாங்க வாங்க, லிஃப்டப் பாக்கக் காலையிலயே வந்துட்டீங்களே" என்றார். சந்தோஷமாகச் சொன்னார். இது உங்கள் கோப்பில் இல்லை. நான் உங்களிடம் சொல்லவில்லை. இதற்கு மேல் நேற்று எழுத முடியவில்லை.

இனி எனக்கு எழுத வேண்டாம். கோபம் இல்லை. அந்த மனிதர் நேற்றிலிருந்து கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், நுரை காய்ந்துகொண்டிருக்கிறது. நான் போக வேண்டும்.

மெக்கானிக்